ரெண்டாவது நம்பரைச் சொல்லுங்க!

100-1. 100-4.

லாரி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த ரெண்டையும் சுவரில் எழுதி வைக்கலாம் என்பேன். ரெண்டுமே ஆயில் பிரஷர் பற்றி இன்ஜின் காட்டும் கோளாறுக் கோடு. டிரைவருக்கு அடிவயிறு கலங்குவதும் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான். ஆனால் 100-1 வந்தால் இன்ஜினை அந்த நிமிஷமே அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது; பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று உருட்டினால் பேரிங் போகும், கிராங்க் போகும், ஓனர் வீட்டு நகையும் சேர்ந்து போகும். 100-4 வந்தால்? ஓரங்கட்டி, டிப்ஸ்டிக்கை இழுத்து, ஆயில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மூச்சு விடலாம். அநேகமாக ஒரு வயரோ சென்சாரோதான் கெட்டிருக்கும்.

கோட்டுக்குப் பின்னால் நிற்கிற அந்தச் சின்ன எண்ணுக்கு நான் அடிமை. லாரி சம்பந்தமாக மனுஷன் கண்டுபிடித்த விஷயங்களில் டர்போவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று யாரிடமும் சண்டை போடத் தயார். முன்னால் வரும் எண்ணுக்கு எஸ்பிஎன் என்று பெயர். எந்தப் பாகம், எந்த அளவு என்பதைச் சொல்லும். பின்னால் வருவது எஃப்எம்ஐ; என்ன விதமாகக் கெட்டது என்பதைச் சொல்லும். பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முன்னெண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். "ஏனுங், 110 காட்டுதுங்க, சென்சார் வாங்கிட்டு வந்தரட்டுங்களா?" என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டாவது நம்பரைச் சொல்லுங்கண்ணா."

நான் மெக்கானிக் இல்லை. நாமக்கல்லில் லாரி ஓடுகிற குடும்பம். மாமாவின் வண்டிகளுக்கு டீசல் கணக்கு எழுத உட்கார்ந்தவன், ஸ்கேனர் பிடித்த கையோடு எழுந்தேன். எங்கள் பட்டறையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் மேஸ்திரி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுகிற தலைமுறை. அவருக்கு என் ஸ்கேனர் மேல் மரியாதை கிடையாது. எஃப்எம்ஐ மேல் மட்டும் உண்டு.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இடமே எனக்குப் புல்லரிக்கும். 1985-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் கம்பெனி டிடெக் என்ற எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டைக் கனரக டீசல் இன்ஜினில் கொண்டுவந்தது. 1986 பிப்ரவரியில் அதே டெட்ராய்ட் நகரத்தில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கேன் என்ற முறையை அறிமுகப்படுத்தியது: முறுக்கிய இரண்டே வயர், அதில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். ஆரம்பகால எலக்ட்ரானிக் வண்டிகளில் கோடு படிப்பதென்றால் சாவியைப் போட்டுவிட்டு, விளக்கு எத்தனை முறை மின்னி மின்னி அணைகிறது என்று எண்ண வேண்டும். பிறகு கேன் மேல் ஏறி உட்கார்ந்ததுதான் ஜே1939 என்ற பொது மொழி. இன்ஜின் யார் செய்ததாக இருந்தாலும் 110 என்றால் கூலன்ட் வெப்பம், 157 என்றால் காமன் ரெயில் அழுத்தம், 190 என்றால் இன்ஜின் வேகம். எண்ணூரில் செய்த லாரிக்கும் ஓரகடத்தில் செய்த லாரிக்கும் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர வண்டிக்கும் ஒரே அகராதி!

அந்த மொழியின் சிக்கனத்தைப் பாருங்கள். ஒரு புகார் முழுவதும் 4 பைட்டில் முடிந்துவிடுகிறது. எது கெட்டது என்பதற்கு 19 பிட். எப்படிக் கெட்டது என்பதற்கு 5 பிட். எத்தனை முறை வந்து போனது என்பதற்கு 7 பிட். மிச்சம் ஒரு பிட், இந்த எண்ணை எந்த முறையில் படிப்பது என்பதற்கு. நம்ம ஆட்கள் போனில் வண்டி ரிப்பேரைச் சொல்ல ஆரம்பித்தால் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஓசூர் தாண்டுவார்கள். இன்ஜின் 32 பிட்டில் சொல்லிவிட்டு, கோளாறு தீரும்வரை விநாடிக்கு ஒருமுறை சலிக்காமல் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். கூடவே எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதையும் சொல்லும்: புகைக் கட்டுப்பாட்டுக்கான இன்ஜின் விளக்கு, நிறுத்தச் சொல்லும் சிவப்பு, எச்சரிக்கும் மஞ்சள், இன்ஜின் காப்பு விளக்கு என்று நான்கு.

எப்படிக் கெட்டது என்பதற்கு 5 பிட் என்பதால் 0 முதல் 31 வரைதான் எண்கள். அத்தனையும் மனப்பாடம் வேண்டியதில்லை. 3, 4, 5 இந்த மூன்றையும் கைவசப்படுத்தினால் பட்டறையில் பாதி வேலை முடிந்தது. 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே நிற்கிறது. 4 என்றால் கீழே நிற்கிறது. 5 என்றால் கரன்ட் போதவில்லை, பெரும்பாலும் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. மூன்றுமே மின்சாரக் கதை. ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் மல்டிமீட்டர் எடு என்று அர்த்தம்.

இதில் எனக்கு மிகப் பிடித்த வித்தையைச் சொல்லாமல் விடமாட்டேன். கூலன்ட் வெப்ப சென்சாருக்கு இரண்டு வயர்தான். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற ஒரு துண்டு. இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பிவிட்டு, திரும்பி நிற்கும் வோல்டேஜைப் பார்த்து வெப்பத்தைக் கணக்குப் போடுகிறது. வண்டி 110-4 காட்டுகிறது என்று வையுங்கள். சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி கோடு பாருங்கள். அது 110-3 ஆக மாறிவிட்டதா? கொண்டாடுங்கள்! வயர் நன்றாக இருக்கிறது, இசிஎம் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் உள்ளே ஷார்ட். மாறாமல் 4-லேயே நிற்கிறதா? சென்சார் பாவம், அதை விட்டுவிடுங்கள். வழியில் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது. இதையே தலைகீழாகவும் செய்யலாம். 110-3 வந்தால் கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். 4 ஆக மாறினால் வயரிங் சரி, சென்சார் திறந்து கிடக்கிறது. புது சென்சார் வாங்காமல், ஒரு துண்டு வயரோடு, இசிஎம்மையே சாட்சிக்கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற ஆனந்தம் இருக்கிறதே, அதை எந்த சினிமாவும் எனக்குத் தந்ததில்லை. மூன்று வயர் சென்சாரில் இந்த இணைக்கிற விளையாட்டு வேண்டாம். அங்கே 5 வோல்ட் சப்ளை நேரடியாக வருகிறது, எர்த்தோடு சேர்த்தால் வேறு வினை வரும்.

கனெக்டர் கழன்று கிடக்கும்போது சில வண்டிகளின் லைவ் டேட்டாவில் கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று வரும். சித்திரை வெயிலில், நாமக்கல்லில், மைனஸ் 40! மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "உங்க மெசினுக்கு ஒரு சால்வை போத்துங்க தம்பி" என்றார்.

மூன்று வயர் என்றதும் இன்னொரு கதை. மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வண்டி, கோழித்தீவன ஆலைக்கு வந்து சேர்வதற்குள் இழுவை மொத்தமாகப் போய்விட்டது. கோடு பார்த்தால் ஒரு பட்டியலே நிற்கிறது: 100-4, 102-4, 157-4. ஆயில் பிரஷர், டர்போ காற்றழுத்தம், ரெயில் பிரஷர். வழியில் யாரோ பார்த்துவிட்டு மூன்று சென்சாரும் போய்விட்டது, ரெயிலோடு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் அண்ணன் முகம் வாடிக் கிடந்தது. நான் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்ததும் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்: 3509-4.

3509 என்பது எந்த சென்சாரும் இல்லை. சென்சார்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற நாலு வீட்டில் ஒரு வீட்டுக்குப் போகிற பைப் உடைந்தால் நாலு வீட்டுக் குடமும் காலி, அதே கதைதான். மூன்று வெவ்வேறு சென்சார் ஒரே நொடியில், ஒரே விதமாக, எல்லாம் 4 என்று சாவதற்கு வாய்ப்பு எங்கே இருக்கிறது? மல்டிமீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்தேன்; ஒரு வோல்ட்கூட வரவில்லை. ஒவ்வொரு சென்சாராகக் கழற்றினேன். எதைக் கழற்றியபோது வோல்டேஜ் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி என்பது கணக்கு. மூன்றையும் கழற்றியும் திரும்பவில்லை. அப்படியானால் வயர்தான். இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்தில் ஒரு கிளாம்ப் உடைந்து, வயர்க் கட்டு பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. சுற்றிக் கட்டி, ஸ்லீவ் போட்டு, கிளாம்ப்பை மாற்றினதும் மீட்டரில் 5.0. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் டிரைவருக்கும் கிளீனருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தது நான்தான்!

மின்சாரக் கதை இல்லாத எண்களும் உண்டு. அதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, அதையும் ரசியுங்கள். அளவு மேலே போனால் 15, இன்னும் போனால் 16, ஆபத்தான உச்சம் 0. கீழே இறங்கினால் 17, 18, கடைசியில் 1. சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடோடு தொப்பூர் ஏறும்போது 110-15 வந்தால் கூலன்ட் சூடாகிறது, கியரைக் குறைத்துக் கொஞ்சம் ஆறவிடு என்று அர்த்தம். 16 வந்தால் ஓரம் பார். 0 வந்தால் நிறுத்து. ஒரே விஷயத்தை மூன்று குரலில் சொல்லத் தெரிந்த இயந்திரம்! இந்த எண்கள் வந்தால் சென்சாரைச் சந்தேகப்படக் கூடாது. அது உண்மையைத்தான் சொல்கிறது. ரேடியேட்டரைப் பார், ஃபேனைப் பார், தெர்மோஸ்டாட்டைப் பார். அதேபோல் 157-18, ரெயில் அழுத்தம் குறைவு என்று வந்தால் உடனே ஹை பிரஷர் பம்புக்கு விலை கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். முதலில் டீசல் ஃபில்டர். பிறகு டேங்கிலிருந்து வரும் ஹோஸில் காற்று உறிஞ்சுகிறதா. பக்கத்தில் 94 என்று இன்னொரு கோடு, அதாவது பம்புக்கு வரும் டீசல் அழுத்தம், இருந்துவிட்டால் பாதை தெளிவு. 97 வந்தால் டீசலில் தண்ணீர். செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து வடித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் லைனின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் இந்த வண்டிகளில் விட்டுவிட வேண்டும். ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

2 என்ற எண் ஒரு குறும்புக்காரன். அளவு தாறுமாறாகத் துள்ளுகிறது, நம்ப முடியவில்லை என்று அர்த்தம். ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் ஊரில் இந்த 2 கூட்டமாக வரும். வண்டியைக் குளிப்பாட்டுகிறேன் என்று பிரஷர் வாஷரை நேராக இன்ஜின் மேல் பிடித்து, கனெக்டருக்குள் தண்ணீரை ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி அனுப்புவார்கள். ரெண்டாம் நாள் மஞ்சள் விளக்கு. கழற்றி, காற்றடித்து, காயவைத்து மாட்டினால் போதும்.

இதெல்லாம் சரி, 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லு என்பீர்கள். பிஎஸ்6 புகை விதிப்படி வந்தவை! எனக்கு இந்த வண்டிகள் மேல் தனிப் பிரியம், ஊரே திட்டினாலும். பிஎஸ்4-ல் கனரக வண்டிக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம். பிஎஸ்6-ல், சோதனை முறை வேறு என்றாலும், 0.46 கிராம். டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு ரசாயனத் தொழிற்சாலையே தொங்குகிறது: புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றும் எஸ்சிஆர். அந்த நைட்ரஜன் ஆக்சைடை அளக்கப் புகைக்குழாயில் முன்னும் பின்னும் இரண்டு நாக்ஸ் சென்சார், 3216-ம் 3226-ம். தொழிற்சாலை என்றால் புகார்களும் அதற்கேற்ப வரும்தானே? அதனால்தான் இங்கே ரெண்டாவது நம்பருக்கு மவுசு இன்னும் அதிகம்.

3216-9 என்று வந்தால் பாருங்கள். 9 என்றால் தகவல் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை, சென்சார் பேசவே இல்லை. நாக்ஸ் சென்சார் வெறும் கம்பி இல்லை. அதனோடு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டியும் உண்டு, கேன் வயரில் தானே பேசும். பேசவில்லை என்றால் முதல் கேள்வி, அதற்குக் கரன்ட் போகிறதா? ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் துரு பிடித்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். பல ஆயிரம் ரூபாய் சென்சாரைச் சில ரூபாய் ஃபியூஸ் காப்பாற்றின கதை எங்கள் பட்டறையில் உண்டு. அதுவே 3216-2 என்றால், பேசுகிறது ஆனால் உளறுகிறது; அப்போது சென்சார் மேல் சந்தேகம் நியாயம்.

எல்லோரும் பயப்படுகிற கோடு 4364-18. சில கம்பெனி வண்டிகளில் இதே குற்றம் பி20இஇ என்ற முகத்தில் வரும். எஸ்சிஆரின் செயல்திறன் குறைவு என்று அர்த்தம். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் முதலில் டார்க்கில் 25 சதவீதம் வெட்டுவிழும், பிறகு வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். ஒரு ஓனர் மாமா கண்ணில் தண்ணீர் வராத குறையாக வந்தார். "கேட்டலிஸ்ட்டு போயிருச்சாமுங்க. மொத்தமா மாத்தோணுமாமா. வண்டி டியூவே இன்னும் முடியலீங்க."

கேட்டலிஸ்ட்டைப் பற்றி இந்தக் கோடு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உள்ளே போன நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வெளியே வந்ததற்கும் கழித்தல் கணக்குப் போட்டு, மிச்சம் அதிகம் என்கிறது, அவ்வளவுதான். காரணம் நாலைந்து இருக்கலாம். ஒரு சொட்டு யூரியாக் கரைசலை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்த்தோம். அளவு சரியாக 32.5 சதவீதத்தில் நின்றது, அதில் கலப்படம் இல்லை. புகைக்குழாய் இணைப்பில் கசிவு இல்லை. நாக்ஸ் சென்சார் இரண்டும் இன்ஜின் ஐட்லிங்கில் நியாயமாகப் பேசின. மிச்சமிருந்தது யூரியாவைத் தெளிக்கிற நாசில். கழற்றினால், நுனியில் வெள்ளைவெளேரென்று உப்புப் பூத்த மாதிரி யூரியா படிந்து, துளை அடைபட்டுக் கிடந்தது. யூரியா சுடுதண்ணீரில் கரைந்துவிடும். எதிர் டீக்கடையில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் வாங்கி நாசிலின் நுனியை ஊறவைத்தோம். வெள்ளை உருகிப் போவதை நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டிவிட்டு லோடு வண்டியாக பைபாஸில் ஓட்டி, மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு லைவ் டேட்டா பார்த்தேன். முன் சென்சாரில் பல நூறு பிபிஎம். பின் சென்சாரில் எண் இறங்குகிறது, இறங்குகிறது, இரண்டு இலக்கத்துக்கு வந்துவிட்டது! ஓனர் மாமா டீக்கடைக்காரருக்குத் தனியாகக் காசு கொடுத்தார்.

கலப்படம் என்றேன் அல்லவா, அதற்கும் தனிக் கோடு உண்டு: 3364, யூரியாத் தரம். கரைசல் தீர்ந்த இடத்தில் போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் ஆட்களை இது காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு அதைக் குடத்தில் ஊற்றினாலே குடம் வெளுக்கும். எஸ்சிஆருக்குள் போனால் கேட்க வேண்டுமா.

இனி கேன் வயர். கோடுகளிலேயே என் மனசுக்கு மிக நெருக்கமானது 639, பேச்சு வயரிலேயே கோளாறு. இது வந்தால் டேஷ்போர்டு பேய் பிடித்தது போல் ஆடும்; மீட்டர் முள் விழும், எழும், சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். பார்ப்பவர்கள் இசிஎம் போச்சு என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் சோதனை எவ்வளவு எளிது தெரியுமா? பேட்டரி கட்-ஆஃப் போடுங்கள். ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் கேன் ஹை, கேன் லோ இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது; சேர்ந்து 60 காட்ட வேண்டும். 60 வந்தால் முதுகெலும்பு நேராக இருக்கிறது. 120 வந்தால் ஒரு பக்க ரெசிஸ்டர் காணோம், அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. பத்து விநாடி வேலை. இந்த அழகுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஒரு வண்டியில் 40 வந்தது. நாற்பதா? மனசுக்குள் கணக்குப் போட்டேன்: மூன்று 120-ஐ இணையாக வைத்தால் 40. வண்டியில் இரண்டுதானே இருக்க வேண்டும், மூன்றாவது எங்கிருந்து வந்தது? "அண்ணா, சமீபத்துல ஏதாச்சும் புதுசா மாட்டினீங்களா?" என்று டிரைவரிடம் கேட்டேன். "ஜிபிஎஸ் பொட்டி ஒண்ணு மாட்டுனாங்க தம்பி, டீசல் எவ்வளவு இருக்குன்னு ஓனரு போன்லயே பாக்கறதுக்கு." டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால், கேன் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பெட்டிக்குள் ஒரு 120 ஓம். துண்டித்ததும் மீட்டரில் 60. சாவி போட்டதும் முள்ளெல்லாம் அடங்கி நின்றது. பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் இசிஎம் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது ஒரே விஷயத்தில். ஸ்கேனரைச் செருகினதும், படிக்காமல், எழுதி வைக்காமல், முதல் காரியமாகக் கோடுகளை அழிப்பவர்கள். போலீஸ் வருவதற்கு முன் வீட்டைக் கழுவிவிடுகிற வேலை அது. எத்தனை முறை வந்தது என்கிற எண்ணிக்கையும் போய்விடும். 126 வரை எண்ணி வைத்திருக்கும் அந்த 7 பிட்டில்தான் இன்ஜின் நமக்கு ரகசியம் சொல்கிறது. ஒரு முறை வந்த கோடு என்றால் குழியில் குலுங்கியிருக்கலாம். அறுபது முறை வந்து வந்து போனது என்றால் எங்கோ ஒரு பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு வயரை அங்கங்கே ஆட்டிப் பார்த்தால் கையில் சிக்கிவிடும். இப்போது நடக்கும் கோளாறும், முன்பு வந்து போன கோளாறும் தனித்தனிப் பட்டியலில் இருக்கின்றன; இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் அழியுங்கள். இன்னொன்று, 12 வோல்ட் காருக்கென்று செய்த மலிவான அடாப்டரை 24 வோல்ட் லாரியில் குத்தாதீர்கள். லாரிக்கு ஏதும் ஆகாவிட்டாலும் அடாப்டர் புகைந்துவிடும்.

இப்போதெல்லாம் நாக்பூர் தாண்டி நிற்கிற டிரைவர்களும் போன் போடுகிறார்கள். டிஸ்ப்ளேயில் வந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒரு கொங்கு டிரைவர் அண்ணன் என்னை மிஞ்சிவிட்டார்: "தம்பி, 102-ங்க, ரெண்டாவது நம்பரு 18-ங்க, அதனால சென்சார் இல்லீங்க, இன்டர்கூலர் ஹோஸ்னு நெனைக்கறனுங்க. கிளிப்பு லூசாத்தான் இருந்துச்சு, டைட்டு வெச்சுட்டனுங்க. சும்மா சொல்லலாம்னு கூப்புட்டேன்." வண்டி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் போனில் கேட்டது. நான் அடைந்த பெருமையை என்னவென்று சொல்ல!

நாளைக்கு ஒரு வண்டி வருகிறது, 2791-7. 2791 என்றால் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு. 7 என்றால் மின்சாரம் எல்லாம் சரி, திற என்று சொல்லியும் பொருள் அசையவில்லை, கோளாறு இரும்பில். இந்த 7 வந்தால் என் மல்டிமீட்டர் பெட்டிக்குள் போய்விடும், மேஸ்திரியின் ஸ்பேனர் வெளியே வரும். அதனால்தான் அவருக்கு இந்த எண் மேல் பாசம். கரி படிந்து வால்வு இறுகியிருக்கும் என்பது என் கட்சி. உள்ளே பிளாஸ்டிக் கியரின் பல் உடைந்திருக்கும் என்பது அவர் கட்சி. தோற்றவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். நான் ஏற்கனவே கார்ப் கிளீனர் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டேன்.